மண்ணுக்குள் இருந்த டொபி போத்தல்

இரண்டாயிரமாம் ஆண்டு, ஜூன் மாதம் ஆறாம் திகதி, செவ்வாய்க்கிழமை. காலை எட்டரை மணிக்கு எங்கள் ஆய்வுகூட மேசையில் ஒரு மனிதர் கடைகளில் மிட்டாய் போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் டொபி போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். போத்தலின் வெளிப்புறமெல்லாம் செம்மண். மூடியைச் சுற்றி மஞ்சள் நிறத்தில் ஏதோ இறுகக் கட்டியிருந்தது. அடியில் அப்பியிருந்த மண்ணில் ஒரு மண்புழு உயிரோடு நெளிந்தது.

எனக்குக் கோபம் வர இவ்வளவு தேவையில்லை. இதில் கால்வாசி போதும் என்று என் வீட்டுக்காரர் றினாஸ் ஊரெல்லாம் சொல்லித் திரிவார்.

"என்ன இது? எங்க கெடந்திச்சி?" என்று சத்தம் போட்டேன்.

மனிதர் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் ஒரு பெண் நின்றார். ஒட்டிய கன்னம், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, இடது விலாவைக் கையால் தாங்கிப் பிடித்திருந்தார்.

"மண்ணுக்குள்ள இருந்திச்சிங்க மிஸ்" என்றார் அவர். "அது என்னோட கிட்னிங்க."

என் பெயர் மர்லியா. மாவனல்லைக்காரி. மனித உடம்பிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவி, சாயமிட்டு, கண்ணாடியில் ஒட்டி டொக்டரிடம் கொடுப்பது என் தொழில். அன்றைக்கு அந்த வேலையில் எனக்குப் பதினான்கு வருடம். எங்களுக்கு ஆட்கள் கொண்டுவராத பாத்திரம் இல்லை. பால்மா டின்னில் கர்ப்பப்பை வந்திருக்கிறது, சோற்றுப் பார்சல் மாதிரி வாழையிலையில் சுற்றிப் பித்தப்பை வந்திருக்கிறது. மண்ணைத் தோண்டி எடுத்து ஒன்றும் வந்ததில்லை.

கூட வந்த படிவத்தைப் பார்த்தேன். நாலாக மடித்து மடித்துக் கிழியும் நிலையில் இருந்தது. நோயாளி பெயர் மருதாயி, வயது நாற்பத்து நாலு, இடது சிறுநீரகம், கட்டியோடு முழுதாக அகற்றியது. திகதி ஏப்ரல் பதினெட்டு. ஏழு கிழமை, நாற்பத்தொன்பது நாள்!

"இவ்வளவு நாளும் இத எங்க வச்சிருந்தீங்க? செல்லுங்க!"

"பொதச்சிட்டேங்க" என்றார் அந்த மனிதர், தரையைப் பார்த்துக்கொண்டு. அவர் மருதாயியின் கணவர் சிவனு.

"உங்களுக்கு மூளை ஈக்குதா இல்லையா?" என்று கேட்டேன். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

சத்தம் கேட்டு டொக்டர் நெலும் உள்ளேயிருந்து வந்தார். எங்கள் நோய்க்குறியியல் நிபுணர் அவர். சிங்களப் பெண்மணி, என்னைவிட இரண்டு வயது மூத்தவர், என் கோபத்துக்கு அவரிடம் மருந்து உண்டு. போத்தலைப் பார்த்தார், மண்புழுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு இருவருக்கும் கதிரை போடச் சொன்னார்.

அன்று கேட்டதும், பிறகு வந்துபோன நாட்களில் மருதாயியும் அவர் மகள் விஜயகலாவும் சொன்னதும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

மருதாயி பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் கித்துல்கலப் பக்கம் ஒரே றப்பர் தோட்டத்தில். அங்கே தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர், ஒவ்வோர் அறையும் ஒரு காம்பரா. மேல் லயத்திலிருந்து கீழ் லயத்துக்குக் கலியாணம் செய்து போனார். பதினாறு வயதில் றப்பர் மரத்தில் பால் வெட்டப் போய், முப்பதுக்கு மேல் தோட்டத்து ஸ்டோரில் ஷீட் தெரியும், அதாவது தரம் பிரிக்கும், வேலைக்கு வந்தார். றப்பர் பாலை அசிட் ஊற்றி உறைய வைத்து, உருளையில் அழுத்தி, புகைபோட்டுக் காய வைத்தால் தேன் நிறத்தில் ஒரு விரிப்பு வரும். அதுதான் ஷீட். அதை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். குமிழி இருக்கிறதா, பட்டைத் தூள் இருக்கிறதா, காயாத வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று பார்த்து, பழுதான இடத்தைக் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை முதலாம் தரம் இரண்டாம் தரம் என்று பிரிக்க வேண்டும். அந்த ஸ்டோரில் மருதாயி பார்த்து ஒதுக்கிய ஷீட்டை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. கொழும்பிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் அடுக்கைக் கலைத்துச் சோதிக்கப் போக, ஸ்டோர் ஐயா, "வேண்டாங்க, அது மருதாயி பார்த்தது" என்றாராம். சிரித்துச் சிரித்து இதைச் சொன்னார் மருதாயி. பெருமை கொஞ்சமும் ஒளித்துவைக்கத் தெரியாத பெண்.

அந்தக் கண்தான் அவருடைய நோயையும் கண்டுபிடித்தது. ஒருநாள் சிறுநீர் வெறுந்தேநீர் நிறத்தில் போனது. மறுநாள் சரியாகிவிட்டது. வேறு யாராவது என்றால் சூடு என்று இளநீர் குடித்துவிட்டு மறந்திருப்பார்கள். மருதாயி தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனார். மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து அதே நிறம், திரும்பப் போனார். திரும்ப மாத்திரை. மூன்றாவது முறை போனபோது, "ஐயா, பழுது உள்ள இருக்கு. நீங்க மேல மேல வெட்டுறீங்க" என்று நேராகச் சொல்லிவிட்டார். அவர் முகத்தைப் பார்த்து ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்கள். இடது சிறுநீரகத்தில் ஆரஞ்சுத் தோடம்பழம் அளவு கட்டி.

ஆஸ்பத்திரியில் அதை வெட்டி எடுத்த டொக்டர் நல்ல கெட்டிக்காரர். சிறுநீரகத்தை நடுவில் பிளந்து, உள்வரை மருந்து ஊறும்படி பெரிய டொபி போத்தலில், சதை அழுகாமல் காக்கும் போர்மலினில் போட்டிருந்தார். அந்த நாளில் அந்த ஆஸ்பத்திரியில் இதைச் சோதிக்கும் வசதி இல்லை. போத்தலையும் படிவத்தையும் வீட்டு ஆட்களிடம் கொடுத்து எங்களிடம் கொண்டுபோகச் சொல்வது வழக்கம். சிவனுவிடமும் அப்படியே கொடுத்தார்கள். என்ன, எங்கே, ஏன் என்று சிங்களத்தில் தெளிவாகச் சொன்னார்கள். சிவனுவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. எல்லாம் விளங்கியது.

பஸ் ஸ்டாண்ட் வரை வந்திருக்கிறார். அங்கே ஆமிக்காரர்கள் பை பையாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். யுத்தம் நடந்த காலம், எப்படிப்பட்டது என்று தெரியும்தானே. தமிழ் ஆள், கையில் மூக்கைத் துளைக்கும் மருந்துத் தண்ணீர், ஆங்கிலத்தில் ஒரு கடதாசி. அதுகூடப் பெரிய பயமில்லை என்றார் சிவனு. அவர்கள் போத்தலைத் தூக்கி, மூடியைத் திறந்து, ஊர் பார்க்க தன் பெண்சாதியின் சதையைக் குலுக்கிப் பார்ப்பார்களே என்று நினைத்தபோதுதான் கால் ஓடவில்லையாம். போத்தலை இடுப்பில் கட்டிய சாரத்துக்குள் மறைத்துக்கொண்டு தோட்டத்துக்கே நடந்துவிட்டார்.

லயத்துக் காம்பராவுக்குள் அதை வைக்க முடியாது. உடம்பிலிருந்து பிரிந்தது எதுவானாலும் மண்ணுக்குள் போய்விட வேண்டும் என்பது அவர்களுடைய வழக்கம். பிள்ளை பிறந்தால் நஞ்சுக்கொடியைப் புதைப்பார்கள். சிவனுவின் சித்தப்பாவுக்கு உருளை மெஷினில் மூன்று விரல் போனபோது, அந்த மூன்று விரலையும் மஞ்சள் துணியில் சுற்றிப் புதைத்துச் சூடம் காட்டினார்களாம். அந்த வழியில் வந்த மனிதர் என்ன செய்வார்? லயத்துக்கு மேல் மலையில், மருதாயி முதன்முதலில் பால் வெட்டிய மரங்களுக்குப் பக்கத்தில் குழி வெட்டினார். காட்டுப் பன்றி தோண்டாமலிருக்க மூன்றடி ஆழம். வாடை வெளியே போனால் பன்றிக்குத் தெரிந்துவிடும் என்று, ஸ்டோரிலிருந்து இன்னும் புகை போடாத மஞ்சள் நிற ஷீட்டைக் கொண்டுவந்து மூடியைச் சுற்றி மூன்று மடிப்பு இழுத்துக் கட்டினார். ஒரு சூடத்தைக் கொளுத்தினார். வீட்டுக்கு வந்து, "குடுத்திட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

பொய் ஏழு கிழமை தாக்குப் பிடித்தது. கிளினிக்கில் அதே டொக்டர், முடிவு எங்கே என்று ஒருமுறை கேட்டார், இரண்டாம் முறை கேட்டார். மூன்றாம் முறை, "என்ன வகைக் கட்டி என்று தெரியாமல் நான் எதைச் சொல்வது? பரவுகிற வகை என்றால் இப்போதே வேறு பார்க்க வேண்டும்" என்றார். அன்று பஸ்ஸில் வரும் வழியில் சிவனு உண்மையைச் சொன்னார். மருதாயி பஸ்ஸை விட்டு இறங்கி, ஆறாத புண்ணோடு நேரே மலையேறினார். சிவனு மண்வெட்டியோடு பின்னால் ஓடினார், விஜயகலா குடையோடு.

மழை பெய்து பெய்து எல்லா இடமும் ஒரே மாதிரிக் கிடந்தது. சிவனு ஒரு மரத்தடியில் வெட்டினார், இல்லை. அடுத்த மரத்தடியில் வெட்டினார், அங்கும் இல்லை. அவருக்கு வேர்த்துக் கொட்டியது. மருதாயி அசையாமல் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு இடத்தைக் காலால் தொட்டுக் காட்டினார். அடி மண் மேலே வந்த இடத்தில் புல்லின் பச்சை ஒரு சொட்டு வேறாக இருந்ததாம். விஜயகலாவுக்கு அந்த வித்தியாசம் காட்டிய பிறகும் தெரியவில்லை. மூன்றாவது அடியில் போத்தல் தட்டுப்பட்டது.

அதற்குப் பிறகு மருதாயி சிவனுவோடு பேசவில்லை. சமைத்தார், பரிமாறினார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். ஆனால் பேச்சு இல்லை.

இதையெல்லாம் கேட்டு முடிந்தபோது எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. எங்கள் வாப்பாவுக்குச் சீனி வருத்தத்தில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அந்தக் காலை வெள்ளைத் துணியில் சுற்றி, மையவாடிக்குக் கொண்டுபோய் அடக்கினோம். சாச்சா பளீல்தான் குழி வெட்டினார். நாங்கள் செய்தால் முறை, சிவனு செய்தால் மூளையில்லாத்தனமா? அன்றைக்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு அது சுலபமாக வருவதில்லை.

போத்தலைத் திறக்கும் வேலை என்னுடையது.  மருந்து ஒழுகியிருந்தால் உள்ளே இருப்பது அழுகிய சேறு. அந்தப் பெண்ணுக்கு என்ன நோய் என்று உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது. றப்பர் கட்டு மூன்று மடிப்பும் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தது. கத்தியால் அறுத்துத்தான் மூடியைத் திருக முடிந்தது. மூடி அசைந்ததும் போர்மலின் வாடை முகத்தில் அடித்தது. கண்ணெல்லாம் எரிந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றேன். பதினான்கு வருடத்தில் அந்த வாடைக்கு நன்றி சொன்னது அந்த ஒரு நாள்தான். போர்மலின் விளிம்புவரை அப்படியே இருந்தது. ஒரு சொட்டுக் குறையவில்லை.

டொக்டர் நெலும் பலகையில் வைத்து வெட்டினார். எனக்குத் தெரிந்த சிறுநீரகப் புற்றுநோய் மஞ்சளாக இருக்கும், நடுநடுவே இரத்தம் கட்டியிருக்கும். பத்துக்கு ஏழெட்டு அப்படித்தான். இது அப்படி இல்லை. ஒரே சீரான வெளிர் பழுப்பு. இரத்தக் கட்டு இல்லை, அழுகல் இல்லை. டொக்டர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மர்லியா, இது வழமையான ஆள் இல்லை" என்றார் சிங்களத்தில்.

நான் சீவி, வழக்கமான சாயம் போட்டுக் கொடுத்தேன். அவர் அரைமணி நேரம் நுணுக்குக்காட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். பெரிய பெரிய உயிரணுக்கள். ஒவ்வொன்றுக்கும் தடித்த சுவர். மனித உடம்பில் அப்படிச் சுவர் தெரியாது. இலையைக் கிழித்து வைத்தால்தான் அப்படித் தெரியும். ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் இலையா என்று திகைத்துப் போனேன்.

மூன்று வழி இருக்கிறது என்று டொக்டர் விளக்கினார். வழமையான புற்றுநோய்தான் வேடம் போட்டு வந்திருக்கலாம். அப்படியென்றால் அது நுரையீரலுக்கும் எலும்புக்கும் ஓடுகிற வகை. அல்லது கேடில்லாத கட்டியாக இருக்கலாம். அல்லது மூன்றாவதாக ஒன்று. நூறு சிறுநீரகப் புற்றுநோயில் ஐந்து பேருக்குத்தான் வரும். வழமையான சாயத்தைச் சரியாக ஏற்காமல் வெளிறி நிற்கும். அது புற்றுநோய்தான், ஆனால் மெதுவானது. முழுதாக வெட்டியெடுத்துவிட்டால் பெரும்பாலும் திரும்பி வராது. படிக்கும் காலத்தில் இங்கிலாந்தில் ஒரேயொரு முறை அவர் அதைப் பார்த்திருக்கிறார். மூன்றையும் பிரித்துக் காட்ட இரும்புச் சாயம் என்று ஒன்று உண்டு. மூன்றாவது வகையென்றால் உயிரணு முழுக்க நீலமாகும்.

"உன்னால் செய்ய முடியுமா?" என்று கேட்டார்.

நான் அதைச் செய்ததே இல்லை. முடியும் என்றேன்.

புத்தகத்தில் இருந்தபடி சுத்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, இரும்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்க வேண்டும். மஞ்சள் தண்ணீர் கண்ணெதிரே கருஞ்சிவப்பாக மாறும். முதல் முறை ஆர்வக் கோளாறில் ஆறவிடாமல், கழுவ வேண்டிய அளவுக்குக் கழுவாமல் செய்தேன். கண்ணாடி முழுக்க ஒரே நீலம். நல்லதும் நீலம், கெட்டதும் நீலம். எல்லாவற்றையும் தொட்டியில் ஊற்றினேன். பழைய இரும்புக் கரைசலையும் எறிந்துவிட்டு, புதிதுக்கு எழுதிப் போட்டு, இரண்டு கிழமை காத்திருந்தோம். அந்த இரண்டு கிழமையும் மருதாயியின் முகம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.  றினாஸுக்கு நல்ல ஏச்சுக் கிடைத்தது.

இரண்டாம் முறை ஒவ்வொரு படியையும் மணிக்கூட்டைப் பார்த்துச் செய்தேன். சாயம் சரியா என்று பார்க்கப் பக்கத்திலேயே தொப்புள்கொடித் துண்டு ஒன்றையும் ஒட்டுவது வழக்கம். அது நீலமாக வேண்டும். கடைசித் திரவத்தில் கண்ணாடியை இறக்கிக் காத்திருந்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு தொப்புள்கொடி மெல்ல நீலமானது. அதன் பின்னால், யாரோ உள்ளேயிருந்து விளக்கேற்றிய மாதிரி, மருதாயியின் கட்டி நீலமானது. அதைச் சுற்றியிருந்த நல்ல சிறுநீரகம் நீலமாகவில்லை. இளஞ்சிவப்புச் சாயத்தில் முக்கி எடுத்தபோது அது பூ நிறத்தில் தனியாக நின்றது. ஏழு கிழமை மண்ணுக்குள் கிடந்த சதை, தான் யார் என்று அவ்வளவு தெளிவாகச் சொன்னது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கையை அசைத்து டொக்டரைக் கூப்பிட்டேன்.

முடிவை வாங்க மருதாயி ஜூலை ஆரம்பத்தில் வந்தார். சிவனு கதவுக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே மழையில்லை.

டொக்டர் நெலும் சிங்களத்தில் பக்குவமாகச் சொன்னார். புற்றுநோய்தான். அபூர்வமான வகை. மெதுவானது. முழுதாக வந்துவிட்டது. இனி வருடத்துக்கொரு முறை ஸ்கேன் எடுத்தால் போதும். மருதாயி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நன்றி சொல்லவில்லை, அழவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"மிஸ், அத நான் பாக்கலாங்களா?"

நோயாளி தன் கண்ணாடியைப் பார்க்கக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. டொக்டர் தலையசைத்தார். இரும்புச் சாயம் போட்ட கண்ணாடியை எடுத்து நுணுக்குக்காட்டிப் பக்கம் திரும்பினேன். மருதாயி அதற்குள் கையை நீட்டிவிட்டார். வாங்கி, ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, நேரே சன்னலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்தார். ஸ்டோரில் ஷீட்டைப் பிடிக்கிறவர் அல்லவா? கண்ணைச் சுருக்கி, கொஞ்சம் சாய்த்து, திரும்ப நிமிர்த்தினார்.

"நீலமா இருக்கிறது பழுதுங்களா?"

"ஓம்" என்றேன்.

"அப்ப இதோ இங்க முடியுதுங்க. இந்தக் கோட்டோட நின்னிருச்சி. அதுக்கு அங்கிட்டு நல்ல சரக்கு. வெட்டுன கரை வரைக்கும் நல்ல சரக்குதான்." விரல் நகத்தால் கண்ணாடிமேல் எல்லையைக் காட்டினார். "வெட்டுனவரு கைகாரருங்க. பழுத ஒட்டி வெட்டல. எடம் விட்டு வெட்டியிருக்காரு."

நான் டொக்டரைப் பார்த்தேன், டொக்டர் என்னைப் பார்த்தார். அவர் கையெழுத்துப் போட்ட முடிவில் கடைசி வரி அதுதான். கட்டி எல்லைக்குள் அடங்கியுள்ளது, வெட்டிய கரை சுத்தம். அதைச் சொல்ல அவர் எட்டுத் துண்டை நுணுக்குக்காட்டியில் பார்த்திருந்தார். டொக்டர் எழுந்து தன் கதிரையில் மருதாயியை உட்கார வைத்தார்.

நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்ததும் மருதாயியின் முதுகு விறைத்தது.  நான் மெல்லத் தெளிவைச் சரிசெய்து கொடுத்தேன்.

"லயம் லயமா இருக்குங்க" என்றார் கடைசியில், குரலைத் தாழ்த்தி, கோயிலுக்குள் பேசுகிற மாதிரி. "ஒவ்வொரு காம்பராவுக்கும் சொவரு. உள்ளுக்கு ஒரு திராட்ச வத்தல். அத சுத்தி வெளிச்சம்."

புத்தகத்தில் அதன் உயிரணுவின் கருவைச் சுருங்கிய திராட்சைக்குத்தான் ஒப்பிட்டிருக்கிறது. கருவைச் சுற்றி வெளிச்ச வட்டம் என்றும் இருக்கிறது. நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. அல்லாஹ் அறிய, ஒரு சொல்லும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"இது எத்தன வருசமா எனக்குள்ள கட்டிக்கிட்டு இருந்திச்சிங்க?"

"பல வருசம் இருக்கும்" என்றார் டொக்டர்.

"ஒரு சத்தம் போடலயே. பழுதுன்னாலும் எம்புட்டு ஒழுங்கா கட்டியிருக்கு பாருங்க." அவர் கண்ணை எடுக்காமலே சொன்னார். அவருக்கு அதன்மேல் வெறுப்பு இல்லை. கண் முன்னால் இருந்த வேலைப்பாட்டை, நல்ல சாமானைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் இதைப் பார்க்கிற எனக்கு, அது என்ன அதிசயம் என்று அன்றுதான் உறைத்தது.

பிறகு அவர் தலையைத் தூக்கிக் கதவுப் பக்கம் பார்த்தார்.

"என்னங்க, இங்க வாங்க" என்றார்.

ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து வந்த முதல் பேச்சு. சிவனுவின் கையிலிருந்த குடை விழுந்தது. உள்ளே வந்து, பயந்து பயந்து குனிந்து பார்த்தார். "ஒன்னும் தெரியலயேம்மா, எல்லாம் தண்ணியா இருக்கு" என்றார். நுணுக்குக்காட்டியில் கோளாறு இல்லை. அவர் கண்ணீர்தான் கண்ணாடியில் விழுந்திருந்தது. நான் துடைத்துவிட்டேன். திரும்பப் பார்த்தார், திரும்ப நனைந்தது.

"அழுவாதீங்க" என்றார் மருதாயி. "கட்டுனது நல்லா கட்டியிருக்கீங்க. ஒரு சொட்டு ஒழுவலயாம். மிஸ் சொன்னாங்க."

புறப்படும் நேரம் சிவனு தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். தாழ்ந்த குரலில், "மிச்சம் இருக்கிறத குடுப்பீங்களாங்க?" என்றார்.

மெழுகுக் கட்டிகளும் கண்ணாடிகளும் எங்களிடம் இருக்க வேண்டும். மிச்சத்தைக் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு எரித்துவிடுவது நடைமுறை. டொக்டர் என்னைப் பார்த்தார். நான் வாப்பாவின் காலை நினைத்தேன். ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மருந்தை வடித்து, இருந்த துணியில் நல்லதாக ஒன்றைப் பார்த்துச் சுற்றி, அதே டொபி போத்தலில் வைத்தேன். கொடுக்கும்போது, "அன்னைக்கி நான் அப்படிப் பேசினது பிழை. மனசில வைக்காதீங்க" என்றேன். எப்படியோ வந்துவிட்டது.

"அதே மலையிலயா அடக்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

"இல்லங்க மிஸ்" என்றார் மருதாயி. போத்தலைச் சிவனுவிடம் கொடுக்காமல் தன் மார்போடு அணைத்து வைத்திருந்தார். "சுடுகாட்டுல எங்க ஆளுங்களுக்குன்னு ஒரு எடம் இருக்கு. இது முன்னால போகட்டும். நான் மெதுவா வாறேன்."

இருவரும் ஒரே குடையில் போனார்கள். அப்போதும் மழையில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஸ்கேன் எடுத்த கையோடு மருதாயி என்னைப் பார்க்க வருவார். வரும்போது பலாக்காய்ப் பொரியல் கொண்டுவருவார், வேறு போத்தலில்தான் என்று ஒவ்வொரு முறையும் சத்தியம் செய்து கொடுப்பார். 2009 ஜூலையில் வந்தது ஒன்பதாவது தடவை. சுத்தம். கண் மட்டும் கொஞ்சம் மங்கல், ஷீட் தெரிவதை விட்டு விஜயகலாவின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாராம். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். பஸ் போய்விடுமே என்று சிவனு மணியைப் பார்த்தார்.

"போனா அடுத்த பஸ் வரும்" என்று கதிரையில் வசதியாகச் சாய்ந்துகொண்டார் மருதாயி. "எனக்கு என்னங்க அவசரம்?"